பெஞ்சும் அதன் எதிரே இருப்பதும்: படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூங்கா, கடற்கரை, மலை, ரயில் நிலையம் என்று எங்கே போனாலும் என் கண் முதலில் தேடுவது பெஞ்சைத்தான். உட்காரவும்தான், படம் எடுக்கவும்தான். என் படங்களைப் பார்க்கிறவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகளாக இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெஞ்சில் படம் எடுக்க அப்படி என்ன இருக்கிறது?

ஒரு பெஞ்சைப் பதிப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் அந்த இடத்தில் நின்று, "இந்தப் பக்கம் பார்த்து வைக்கலாம்" என்று முடிவு செய்திருக்கிறார். மேஸ்திரியோ, தோட்டக்காரரோ, யாரோ. அந்த முடிவு சரிதானா என்று போய்ப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி. சில பெஞ்சுகள் அற்புதமான இடத்தில் இருக்கும். சில பெஞ்சுகள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டையும் லாரியையும் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னும் சில, போட்ட காலத்தில் கடலைப் பார்த்திருக்கும். இன்றைக்கு எதிரே காம்பவுண்டு சுவர்.

அதனால் பெஞ்சு என்றால் எனக்கு எப்போதும் இரண்டு படம். பெஞ்சுக்குப் பின்னால் நின்று, அதையும் எதிரே உள்ளதையும் சேர்த்து ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்து தெரிவது ஒன்று. முதலாவதை எல்லோரும் எடுக்கிறார்கள். இரண்டாவதை எடுக்காமல் வந்துவிட்டால், வீட்டு வாசல் வரை போய்விட்டு உள்ளே போகாமல் திரும்பின மாதிரி.

போன் போதுமா, கேமரா வேண்டுமா?

போன் போதும். இந்தப் பக்கத்தில் சொல்வதில் முக்கால்வாசியைப் போனிலேயே செய்யலாம்.

போனதும் எங்கே நின்று எடுக்க ஆரம்பிப்பது?

நிற்காதீர்கள், உட்காருங்கள். ஒரு பத்து நிமிடம் சும்மா இருங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, காற்றில் எந்தக் கிளை குறுக்கே வந்து போகிறது, யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று அதற்குள் தெரிந்துவிடும். உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில் இருக்கும். இரண்டாவது படத்தை அந்த உயரத்திலேயே போனைப் பிடித்து எடுங்கள். கையைத் தூக்கி மேலே பிடித்தால் பெஞ்சில் உட்கார்ந்தவர் பார்க்கிற காட்சி வராது, பெஞ்சு மேல் ஏறி நின்றவர் பார்க்கிற காட்சிதான் வரும்.

பின்னாலிருந்து எடுக்கும்போது படம் தட்டையாக, என்னவோ ஒட்டாமல் வருகிறது. ஏன்?

பெரும்பாலும் உயரம்தான் காரணம். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெஞ்சுப் படத்தில் பாதி வேலை இதுதான்.

கடலும் வானமும் சேரும் கோடு எப்போதும் உங்கள் கேமரா இருக்கும் உயரத்திலேயே படத்தில் விழும். பெஞ்சின் உட்காரும் பலகை ஒன்றரை அடி உயரம், சாய்மானத்தின் மேல் விளிம்பு சுமார் மூன்று அடி என்று வையுங்கள். நீங்கள் நின்றபடி ஐந்தடி உயரத்திலிருந்து எடுத்தால் முழுப் பெஞ்சும் அந்தக் கோட்டுக்குக் கீழே, மணலோடு மணலாகக் கிடக்கும். மூன்று அடிக்குக் குனிந்தால் சாய்மானத்தின் விளிம்பும் கடல்கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். இதுதான் மிக மோசம். இன்னும் குனிந்து ஒன்றரை அடிக்கு வாருங்கள். சாய்மானம் கோட்டைத் தாண்டி வானத்துக்குள் எழுந்து நிற்கும். விடியற்காலையில் சூரியன் எதிரே இருந்தால் பெஞ்சின் கம்பி, கை வளைவு எல்லாம் கறுப்பாக, தெளிவாகத் தெரியும்.

மலையில் கதை தலைகீழ். அங்கே பார்க்க வேண்டியது கீழே கிடக்கும் சமவெளி. குனிந்தால் பெஞ்சே அதை மறைத்துவிடும். பின்னால் ஒரு படியோ மேடோ இருந்தால் அதில் ஏறி எடுங்கள். பெஞ்சு கீழே இறங்கி, பள்ளத்தாக்கு அதற்கு மேலே விரியும். கடலுக்குக் குனி, மலைக்கு ஏறு என்று நான் மனதில் வைத்திருக்கிறேன்.

கண்ணுக்கு மலை பெரிதாகத் தெரிகிறது, படத்தில் எலி மாதிரி இருக்கிறதே?

பெஞ்சுக்கு மிகப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால் பெஞ்சு படத்தை நிறைக்கும், மலை சிறுத்துவிடும். அதே பெஞ்சை பத்து மீட்டர் பின்னால் போய், ஐந்து மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பெஞ்சு முன்பு இருந்த அளவிலேயே இருக்கும். தூரத்து மலை மட்டும் ஐந்து மடங்கு பெரிதாகும். மலை இருக்கும் தூரத்துக்கு நீங்கள் நகர்ந்த எட்டு மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

போனில் ஐந்து மடங்கு ஜூமுக்குத் தனி லென்ஸ் இல்லையென்றால் இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் படம் பிசிறும். பின்னால் போக இடமில்லாத இடங்களும் உண்டு. மலை விளிம்பு நடைபாதைகளில் முதுகுக்குப் பின்னாலேயே சோளப்பொரிக் கடை இருக்கும். அங்கே பெஞ்சை முழுசாக எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு ஒரு முனையை மட்டும் வையுங்கள்.

நம் ஊர்க் கடற்கரைகளில் எந்த நேரம் நல்லது?

மெரினாவானாலும் புதுச்சேரியானாலும் கடல் கிழக்கே. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குள் மறையும். சென்னையில் ஜனவரியில் சூரியன் எழ ஆறரை மணி தாண்டும். மே கடைசி, ஜூனில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். அரை மணி முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். நல்ல நிறமெல்லாம் சூரியன் தலை காட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை. விடியற்காலைப் படத்துக்கு இதைவிட வசதி வேறில்லை. சாலையின் நடுவில் நின்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம், ஹார்ன் அடிக்க ஆளில்லை. மெரினா உலாவும் சாலை 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் போட்டது. அங்கே மணல் மிக அகலம் என்பதால் சாலையோரத்துப் பெஞ்சிலிருந்து கடல் ஒரு மெல்லிய கோடுதான். அங்கே கடலைத் துரத்தாமல் மணலையும் நடக்கிறவர்களையும் எடுப்பது புத்திசாலித்தனம்.

மாலையில் கிழக்குக் கடற்கரையில் ஒன்றுமில்லை என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில், சூரியன் முதுகுப் பக்கம் மறைந்ததும் ஒரு பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். கடல்கோட்டுக்கு மேலே சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும், அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொன்று. கீழ்ப்பட்டை பூமியின் நிழலேதான், காற்று மண்டலத்தின் மேல் விழுகிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சிமெண்ட் பெஞ்சு அந்த வெளிச்சத்தில் லேசாக ரோஸ் நிறத்துக்கு வரும். எனக்குப் பிடித்த நேரம் இது. கூட்டமும் அப்போது பஜ்ஜிக் கடைப் பக்கம் போயிருக்கும்.

மலை ஊர்களில்?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் போகாதவர்கள் குறைவு. 1872-இல் கோக்கர் என்ற ஆங்கிலேயர் மலையின் விளிம்பை ஒட்டிப் போட்ட, சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை. காலையிலேயே போய்விடுங்கள். நேரம் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மூடிவிட்டாலும் கிளம்பிவிட வேண்டாம். எதிரே மேகம், உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயில் என்று அமைந்தால், உங்கள் நிழலே பெரிதாக அந்த மேகத்தின் மேல் விழும், தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு. ஜெர்மனியின் பிராக்கன் மலைப் பெயரில் இதை பிராக்கன் பூதம் என்கிறார்கள். கோக்கர்ஸ் வாக்கில் எப்போதாவது தெரியும். எனக்கு இன்னும் மாட்டவில்லை.

ஏற்காட்டில் பார்வை முனைக்குப் பெயரே இருக்கையின் பெயர்தான்: லேடீஸ் சீட். பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். யாரும் செய்து வைத்தவை இல்லை, இயற்கையான பாறைகள். ஓர் ஆங்கிலேயப் பெண்மணி மாலை நேரத்தில் வந்து உட்காருவாராம், அதனால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். கீழே சேலம், வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. சூரியன் மறைந்து அரை மணி கழித்து ஊர் விளக்குகள் எரிய ஆரம்பித்ததும், போனையோ கேமராவையோ ஒரு தட்டையான கல்லில் வைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு, ஷட்டரைப் பத்துப் பதினைந்து நொடி திறந்து வையுங்கள். ஏறி வரும் வண்டிகள் வெள்ளைக் கோடாக, இறங்குபவை சிவப்புக் கோடாக விழும். மூன்றுகால் ஸ்டாண்டு தூக்கிப் போக வேண்டியதில்லை. உட்காரும் இடமே நல்ல ஸ்டாண்டு.

பனிமூட்டத்தில் எல்லாம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. வெயிலில் வெள்ளைப் பெஞ்சு வெளுத்துப் போகிறது.

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம். படம் முழுக்க மூட்டம் நிறைந்திருந்தால் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். போனில் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். வெயிலில் சின்ன வெள்ளைப் பெஞ்சைச் சுற்றி இருண்ட மரங்கள் இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதே குறியைக் கீழே இழுங்கள். வெளுத்துப்போன சுண்ணாம்பில் எழுத்து, கீறல், காக்கா எச்சம் எதையும் பிறகு எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. இருட்டானதைக் கொஞ்சம் மீட்கலாம்.

ஆளில்லாத பெஞ்சு சோகமாகத் தெரிகிறது. ஆனால் ஆளை எடுக்கவும் கூச்சமாக இருக்கிறது.

ஆள் இல்லாமலே ஆள் இருந்த அடையாளத்தை எடுக்கலாம். நம் ஊரில் அதற்குப் பஞ்சமா? இடம் பிடிக்கப் போட்ட துண்டு. நாலாக மடித்த தினசரி. ஒரு ஓரத்தில் காய்ந்துகொண்டிருக்கும் குடை. இன்னும் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: நான் எடுத்த ஒரு பச்சைப் பெஞ்சில் பெயிண்ட் இரண்டு முனைகளிலும் தேய்ந்து சிமெண்ட் தெரிகிறது, நடுவில் மட்டும் பெயிண்ட் புதுசு மாதிரி. தெரியாதவர்கள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கொரு முனையில்தானே உட்காருவார்கள்.

ஆளை எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள். "ஐயா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்றால் பெரும்பாலும் சம்மதம்தான். உடனே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவதுபோல விறைத்துவிடுவார்கள், அதுவும் உண்மை. அந்த ஒன்றை எடுத்து அவரிடமே காட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். கால் மணி நேரத்தில் அவர் கேமராவை மறந்திருப்பார். ஒரு முறை ரயில் நிலையத்தில் ஒரு பெரியவரின் பக்கத்துக் காலி இடத்தைப் படம் பிடிக்க நான் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தேன். அவர் நகர்ந்து இடம் விட்டு, "உட்காருங்க தம்பி, படம் எங்க ஓடிடப்போகுது" என்றார். உட்கார்ந்தேன். எதிரே இருந்தது அடுத்த பிளாட்பாரத்துப் பெஞ்சு, அதில் இவரைப் போலவே ஒருவர் பையை மடியில் வைத்துக்கொண்டு. நின்றிருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களை எடுக்காதீர்கள். முதுகுதானே என்று சொல்ல வேண்டாம். துப்பட்டாவை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கிற ஊர் நம்முடையது. உங்களுக்கு ஒரு லைக், அவர்கள் வீட்டில் ரகளை.

காவலாளி தடுத்தால்?

வாதாடாமல் வந்துவிடுங்கள். பல பூங்காக்களில் கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு, நுழையும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு பூங்காவில் சீட்டு வாங்கியும் என் மூன்றுகால் ஸ்டாண்டைப் பார்த்ததும் "ஷூட்டிங் எல்லாம் கூடாது" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஸ்டாண்டு வீட்டில்தான். ரயில் நிலையத்தில் பெரிய கேமராவோடு போகிறீர்கள் என்றால் முதலில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பெஞ்சில் "உபயம்" என்று பெயர் எழுதியிருக்கிறதே, அதைத் தவிர்த்து எடுப்பதா?

ஐயோ, தவிர்க்காதீர்கள். நம் பெஞ்சுகளின் முகமே அதுதான். பேருந்து நிலையம், கோயில் குளக்கரை, ஆஸ்பத்திரி வாசல் எங்கும் சாய்மானத்தில் "உபயம்" என்று ஆரம்பித்து ஜவுளிக்கடை, அரிசி மண்டி, லயன்ஸ் சங்கம், இறந்துபோன அம்மாவின் நினைவாக மகன் என்று நீலத்திலோ சிவப்பிலோ எழுதியிருக்கும். இங்கிலாந்துப் பூங்காக்களில் சின்ன பித்தளைத் தகட்டில் இன்னார் நினைவாக என்று அடக்கமாகப் பதித்திருப்பார்கள். நாம் உட்காருகிறவரின் முதுகு முழுக்க எழுதுகிறோம்.

பெயிண்ட் எழுத்துக்கு நிழலான, சமமான வெளிச்சம் போதும். சிமெண்டிலோ கல்லிலோ செதுக்கிய எழுத்தென்றால் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல், வெயில் பக்கவாட்டில் உரசிப் போகும்போது எடுங்கள். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்து படிக்க வரும். செல்போன் எண் எழுதியிருந்தால் வெளியிடும் முன் அதை மறைத்துவிடுங்கள்.

இதே பழக்கத்தின் மூத்த வடிவம் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைத் தோள் உயரத்தில் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து, மறுபடி தூக்கிக்கொள்ள. பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை பல. பழைய பாதையோரங்களில் இன்றும் நிற்கின்றன. சில இடங்களில் ரோடு உயர்ந்து கல் பாதி புதைந்திருக்கும். அதைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் சைக்கிளோ மனிதரோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் பார்க்கிறவருக்கு உயரம் பிடிபடாது, சின்ன மண்டப வாசலோ என்று நினைப்பார்.

மரக்கட்டை மாதிரி சிமெண்டில் செய்து பிரவுன் பெயிண்ட் அடித்த பெஞ்சை எல்லாம் எடுக்கலாமா?

தாராளமாக. முயல், காளான் வடிவத்திலும் இருக்கும். அழகு இல்லை என்பார்கள். குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள்.

பெஞ்சு மேல் கிடக்கும் பேப்பர் கப், பிளாஸ்டிக் கவர்?

கையால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஆப்பில் அழிப்பது எனக்குப் பிடிக்காது. பூ, இலை உதிர்ந்து கிடந்தால் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் புங்க மரத்தடிப் பெஞ்சில் பொரி கொட்டின மாதிரி பூ கிடக்கும், அதைப் போய்த் தட்டிவிட்டு உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

மழைக் காலத்தில் கேமராவை வெளியே எடுக்கவே பயமாக இருக்கிறது.

மழை விட்ட அடுத்த அரை மணிதான் பெஞ்சுக்குத் திருநாள். கிரானைட் பலகையில் தண்ணீர் நிற்கும்போது போனைப் பலகையின் மேல் விரல் அளவு உயரத்தில் வைத்து எடுங்கள். மேகம், மரம், எதிர்க்கட்டிடம் எல்லாம் தலைகீழாக அதில் இருக்கும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் பில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அந்தப் பிரதிபலிப்பை அது தின்றுவிடும். ஏசி அறையிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். பையிலேயே இருபது நிமிடம் விடுங்கள், தானே போய்விடும்.

ஒரே பெஞ்சைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயன் உண்டா?

உண்டு. அதற்கு நிற்கும் இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். நான் விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனை எட்டு, போன் திரையின் கட்டக் கோட்டில் சாய்மானம் எங்கே விழுகிறது என்று எழுதி வைத்துக்கொள்வேன். தேதியும் திசையும் அவசியம். சென்னையில் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. நிழலில் இருந்த பெஞ்சுகள் ஒரே நாளில் வெட்டவெளிக்கு வந்தன. அதற்கு முந்தைய வாரம் சும்மா எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அது இன்றைக்குச் சொத்து.

எங்கள் தெரு முனையில் குளத்தைப் பார்த்து ஒரு பெஞ்சு இருக்கிறது. மாதம் ஒன்று என்று ஒரு வருடம் எடுத்தேன். மார்ச் படத்தில் குளம் வெடித்துக் கிடக்கிறது, சாய்மானத்தில் உபயதாரர் பெயர் அரைகுறையாகத் தெரிகிறது. நவம்பரில் தண்ணீர் படி வரை வந்துவிட்டது. டிசம்பரில் போனபோது யாரோ பெஞ்சுக்குப் பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள், எழுத்துக்கும் சேர்த்து. அந்தப் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் இப்போது என் மார்ச் படத்தைப் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும்.